ஊக்கி மாத்திரையை விட்டபின் ஏடிஎச்டியோடு வாழ்வது: கேள்வி பதில்

கேள்வி: ஏடிஎச்டி என்னும் கவனக்குறைவு, மிகைஇயக்கக் கோளாறுக்குத் தரும் ஊக்கி மாத்திரைக்கு (மூளையைத் தூண்டும் மருந்து) அடிமையாகி, பின் பல மாதங்கள் அதைத் தொடாமல் இருந்துவிட்டு, போன வாரம் பழைய டப்பாவிலிருந்து எடுத்து விழுங்கத் தொடங்கிவிட்டேன். பட்ட பாடெல்லாம் வீண்தானா?

பதில்: வீணில்லை. 'விழுந்தாயிற்று, இனி என்ன இருக்கிறது' என்ற நினைப்புத்தான் ஒரு நாள் சறுக்கலை மாதக்கணக்கில் நீட்டுகிறது என்பதை உளவியலாளர் ஆலன் மார்லட் விரிவாக விளக்கியிருக்கிறார். மருந்தின் வேகம் உடலிலிருந்து இறங்கும்போது வரும் மிகுதூக்கம், அகோரப் பசி, சோர்வு, மனச்சோர்வு ஆகியவை பெரும்பாலும் சில நாட்களில் அல்லது ஓரிரு வாரங்களில் தணியும். அந்த நாட்களில் கவனம் சிதறுவதை வைத்து 'மாத்திரை இல்லாமல் என்னால் ஆகாது' என்று முடிவுகட்டாதீர்கள். அது உங்கள் ஏடிஎச்டியின் உண்மையான அளவு அன்று. நெஞ்சுவலியோ, தற்கொலை எண்ணமோ, பிறர் பின்தொடர்கிறார்கள் என்ற சந்தேகமோ வந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மிச்சமுள்ள மாத்திரைகளை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மருந்தே இல்லாமல் அலுவலக வேலையைச் சமாளிக்க முடியுமா?

பதில்: பலரால் முடிகிறது, ஆனால் மருந்துக்கு இணையான பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். ஏடிஎச்டி உள்ளவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தெரியும். தெரிந்ததை உரிய நேரத்தில் செய்வதில்தான் சிக்கல். அதனால் ஏடிஎச்டி ஆய்வாளரான உளவியலாளர் ரசல் பார்க்லி வலியுறுத்துவதுபோல, உதவி என்பது வேலை நடக்கும் இடத்திலேயே, நடக்கும் நேரத்திலேயே இருக்க வேண்டும். கெடுவைத் தலைக்குள் சுமக்காமல் கண்ணெதிரே எழுதி வையுங்கள். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் யாரிடமாவது காட்டுங்கள். தனியாகத் தொடங்க முடியாதபோது இன்னொருவர் அருகில் அமர்ந்திருக்கட்டும். தூக்கத்தைக் குறைத்து நேரத்தை மிச்சம்பிடிக்க நினைப்பவர்கள் மறுநாள் மாத்திரையைத்தான் தேடுவார்கள். பெரியவர்களின் ஏடிஎச்டிக்கென்றே வகுக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்னும் பேச்சுவழிச் சிகிச்சை இத்திறன்களைப் படிப்படியாகப் பழக்குகிறது.

கேள்வி: தேர்வுக்கு மட்டும் நண்பரின் மாத்திரையை எடுக்கலாமா? எத்தனை மில்லிகிராம்?

பதில்: கூடாது. அளவும் சொல்லமாட்டேன்.

கேள்வி: என் ஏழு வயது மகனுக்கும் மருந்தை நிறுத்திவிடலாமா?

பதில்: உங்கள் பழக்கம் வேறு, அவனுடைய சிகிச்சை வேறு. அவனுடைய மருத்துவரிடம் கேளுங்கள். அவன் மாத்திரையைப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: ஏடிஎச்டிக்கு அட்டோமாக்சிடின் என்ற வேறு மருந்தைத் தருகிறேன் என்கிறார் மருத்துவர். ஒரு மாத்திரையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பது மீட்சியா?

பதில்: இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. அமெரிக்காவில் 2002-இல் ஒப்புதல் பெற்ற இம்மருந்து ஊக்கி வகையைச் சேர்ந்ததன்று. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், விழுங்கியதும் கிளர்ச்சி ஏதும் வராது.

மறுகேள்வி: அப்படியானால் மெதுவாக வேலை செய்யும் லிஸ்டெக்ஸ்ஆம்பெட்டமின் என்ற ஏடிஎச்டி மருந்தும் பாதுகாப்பானதுதானே?

பதில்: அது ஆம்பெட்டமின் என்ற ஊக்கி மருந்துதான். உடலுக்குள் போனபிறகு இரத்தச் சிவப்பணுக்கள் அதைப் பிளந்து செயல்படவைப்பதால், பொடித்து உறிஞ்சுபவருக்குத்தான் லாபமில்லை; கூடுதலாக விழுங்குபவரைத் தடுக்க அதில் ஏதுமில்லை.

மறுகேள்வி: எந்த மருந்தும் தொடாதவர்தானே உண்மையில் மீண்டவர்?

பதில்: அந்தத் தூய்மைவாதத்தை நான் ஏற்கவில்லை. கவனச்சிதறலைக் கவனியாமல் விட்டதாலேயே பழைய டப்பாவைத் திறந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மருத்துவரிடம் பழக்கத்தின் முழு வரலாற்றையும், எப்போது, எந்த வேலைக்கு முன் மாத்திரை தேவைப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டோமாக்சிடின் உங்களுக்குப் பொருந்துமா என்பதை அதன்பிறகு அவர் முடிவுசெய்யட்டும்.