இருபத்தாறு வயதில் நெய்ப் பொங்கலை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: எனக்கு 26 வயது. சென்னையில் விடுதியில் தங்கி வேலைக்குச் செல்கிறேன். காலையில் உணவகத்தில் நெய்ப் பொங்கலும் வடையும். நேரமில்லாவிட்டால் டீயும் பிஸ்கட்டும். அலுவலகப் பரிசோதனையில் எல்.டி.எல். என்னும் கெட்ட கொழுப்பு 152 என்று வந்துள்ளது. அப்பாவுக்கு 49 வயதில் மாரடைப்பு வந்தது. இனி ஓட்ஸ்தான் சாப்பிட வேண்டுமா?
- வாசகர், துரைப்பாக்கம்

பதில்: ஓட்ஸுக்கு மாறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால், வயது குறைவு என்று எண்ணி இந்த அளவை அலட்சியப்படுத்திவிடாதீர்கள். கொரியப் போரில் இறந்த 300 அமெரிக்க வீரர்களின் இதயங்களை ஆராய்ந்த மருத்துவர்கள், சராசரியாக 22 வயதே ஆன அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் இதயத் தமனிகளில் நோயின் தடயம் இருந்ததை 1953-இல் வெளியிட்டார்கள். மாரடைப்பு ஐம்பதில் வந்தாலும், கொழுப்புப் படியத் தொடங்குவது இளமையில்தான். தந்தைக்கு 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருப்பதால் நீங்கள் கூடுதலாகவே கவனமாக இருக்க வேண்டும்.

பொங்கலில் உள்ள அரிசியையும் பாசிப்பருப்பையும் விட, அதில் ஊற்றப்படும் நெய்யையே முதலில் பார்க்க வேண்டும். ரத்தத்திலுள்ள எல்.டி.எல்.-ஐக் கல்லீரல் அகற்றும் வேகத்தை, நெய்யில் மிகுந்துள்ள நிறைவுற்ற கொழுப்பு குறைத்துவிடுகிறது. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் அது 8 கிராமுக்கு மேல் இருக்கிறது; நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு, முழு நாளுக்குமான உச்ச அளவே ஏறத்தாழ 22 கிராம்தான். வடையும் பிஸ்கட்டும் பெரும்பாலும் பாமாயிலில் செய்யப்படுகின்றன. அந்த எண்ணெயில் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

ஆவியில் வெந்த இட்லியும், பருப்பும் காய்கறியும் நிறைந்த சாம்பாரும் உங்களுக்கு நல்ல காலை உணவு; தேங்காய்ச் சட்னியை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லாத நாளில் அவித்த சுண்டலும் ஒரு பழமும் போதும். ஓட்ஸிலுள்ள பீட்டா குளுக்கான் என்னும் நார்ச்சத்து நாளுக்கு 3 கிராம் சேர்ந்தால் எல்.டி.எல். ஓரளவு குறையும் என்பது உண்மையே. விரும்பினால் உண்ணுங்கள், உப்பு மிகுந்த மசாலா ஓட்ஸ் பாக்கெட்டுகள் மட்டும் வேண்டாம். காலை டீயுடன் சிகரெட்டும் சேருமானால், உணவைத் திருத்துவதற்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

இந்த அறிக்கையை இப்போதே ஒரு மருத்துவரிடம் காட்டி, அப்பாவின் மாரடைப்பைப் பற்றியும் சொல்லுங்கள். மூன்று மாதம் இப்படி உண்டபின் மீண்டும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் பரிசோதித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.