கேட்டலும் கீழ்ப்படிதலும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பூர்வீக மனையைப் பாகம் பிரித்த பிறகு, அண்ணன் வெளியூரில் இருந்த சமயம் பார்த்து, எல்லைக் கல்லை அவர் பக்கம் இரண்டடி தள்ளி நட்டுச் சுற்றுச்சுவர் கட்டிவிட்டேன். ஏழு வருடங்களாக எங்களுக்குள் பேச்சு இல்லை. இருவரும் ஒரே சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆலயத்துக்குத்தான் போகிறோம், ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகளைப் பற்றிச் சமாதானம் கொடுக்கும் நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்காமல் குனிந்துகொள்கிறேன். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தவறாமல் தசமபாகமாகக் கொடுக்கிறேன். லெந்து எனும் தவக்கால நாட்களில் உபவாசம் இருக்கிறேன். ஆலயக் கோபுரப் பணிக்கு இரண்டு லட்சம் ரூபாய் கொடுக்கத் தீர்மானித்திருந்த வேளையில், பலியைப் பார்க்கிலும் கீழ்ப்படிதல் உத்தமம் என்று ஆயர் செய்த பிரசங்கம் மனதை உறுத்துகிறது. சுவரை இடித்தால் ஊரில் தலைகுனிவு. காணிக்கையை இன்னும் கூட்டிக் கொடுத்தால் போதாதா?
(வாசகர், தூத்துக்குடி மாவட்டம்)

பதில்: போதாது, சகோதரரே. இவ்வளவையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். ஆகையால் நானும் சுற்றிவளைக்காமல் சொல்கிறேன்.

அந்த வசனம் எந்தச் சூழ்நிலையில் சொல்லப்பட்டது என்று பாருங்கள். இஸ்ரவேலின் எதிரிகளான அமலேக்கியரின் ஆடுமாடுகளில் ஒன்றையும் மீதி வைக்கக் கூடாது என்ற கட்டளையைப் பெற்றுப் போன சவுல் ராஜா, அற்பமானவற்றை அழித்துவிட்டு நல்லவற்றைத் தப்பவைத்தான். (அந்தக் கட்டளையின் கடுமை இன்று வாசிக்கிற எவரையும் கலங்கவைக்கும், அது தனியே எழுத வேண்டிய கேள்வி.) கர்மேலில் தனக்கு ஒரு ஜெயஸ்தம்பமும் நாட்டிவிட்டு, கில்காலுக்குத் தன்னைத் தேடி வந்த தீர்க்கதரிசி சாமுவேலிடம், கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றினேன் என்கிறான். சாமுவேல் வாதாடவில்லை. அப்படியானால் என் காதில் விழுகிற ஆடுகளின் சத்தம் என்ன என்று கேட்கிறார், அவ்வளவுதான். அவை பலிக்காக வைக்கப்பட்டவை என்ற விளக்கம், அந்தச் சத்தம் காட்டிக்கொடுத்த பிறகே சவுலுக்கு நினைவு வருகிறது. உங்கள் இரண்டு லட்சமும் அந்த மந்தையைச் சேர்ந்ததுதான் என்று எழுத எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் வேறு விதமாகச் சொல்ல வழியில்லை.

காணிக்கையில் எதை, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்று தீர்மானிப்பவர் நாம். கீழ்ப்படிதலில் அந்தத் தீர்மானம் நம் கையை விட்டுப் போய்விடுகிறது. எபிரெயத்தில் 'ஷாமா' என்ற ஒரே வினைச்சொல், காதால் கேட்பதையும் கேட்டபடி செய்வதையும் குறிக்கிறது. தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை, "பையன் சொன்ன பேச்சைக் கேட்கிறானா?" என்று விசாரிக்கிறவர் அவன் காதைப் பற்றி விசாரிப்பதில்லை. சவுலும் கடைசியில், ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்றுதான் ஒப்புக்கொள்கிறான். 'ஊரில் தலைகுனிவு' என்று நீங்கள் எழுதிய இடத்தில் நான் அடிக்கோடு இட்டேன்.

தேவசித்தம் இன்னதென்று காத்திருந்து அறிய வேண்டிய விஷயம் அல்ல இது. பிறனுடைய எல்லைக் குறியை ஒற்றிப்போடாதே, அதாவது தள்ளிவைக்காதே என்று உபாகமம் 19:14 நேராகவே சொல்கிறது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை 1950-இல் வெளியிட்ட திருவிருந்து ஆராதனை முறையில், காணிக்கை படைப்பதற்குச் சற்று முன்பாகவே சமாதானம் கொடுக்கப்படுகிறது. பீடத்திலிருந்து புறப்பட்டு, கூப்பிய கைகளை இரு கைகளால் பற்றி, ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க அது வரிசை வரிசையாக வருகிறது. உன்பேரில் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுவந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று மத்தேயு 5-இல் ஆண்டவர் சொன்ன அதே ஒழுங்குதான் இது. நீங்கள் குனிந்துகொள்வது அந்த நிமிடத்தில்தான்.

ஆகவே வக்கீலையோ ஆயரையோ அனுப்பாமல் நீங்களே அண்ணன் வீட்டுக்குப் போங்கள். 'ஏதோ தப்பு நடந்துவிட்டது' என்று சொல்லாதீர்கள். 'அண்ணே, கல்லை நான்தான் தள்ளி நட்டேன்' என்று சொல்லுங்கள். பிறகு தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து, சர்வேயர் காட்டும் இடத்தில் உங்கள் செலவிலேயே சுவரை மாற்றிக் கட்டுங்கள். அவர் கதவைத் திறக்காமலும் போகலாம். அப்போதும் இரண்டடி அவருடையதுதான். கோபுரத்துக்குக் கொடுப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம் என்கிறார்கள். லஞ்சம் வாங்க மறுத்த எனக்குத் தொலைதூர இடமாற்றம்தான் கிடைத்தது. எங்கே தவறினேன்?
(வாசகி, மதுரை)

பதில்: நீங்கள் தவறவில்லை, சகோதரி. குமாரனாயிருந்தும் அவர் பட்ட பாடுகளினாலே கீழ்ப்படிதலைக் கற்றுக்கொண்டார் என்று எபிரெயர் 5:8 இயேசுவைக் குறித்தே சொல்கிறது. கீழ்ப்படிந்தால் சம்பளமும் சுகமும் கூடும் என்று உங்களுக்குச் சொன்னவர்கள் இந்த வசனத்தை விட்டுவிட்டார்கள்.

கேள்வி: எங்கள் சபை ஊழியர், தமக்குக் கீழ்ப்படியாதவர்கள் தேவனுக்குக் கீழ்ப்படியாதவர்கள் என்று போதிக்கிறார். கர்த்தர் வெளிப்படுத்தியதாகச் சொல்லி ஒரு பெண்ணைக் காட்டி, என் மகனுக்கு அவளையே முடிக்கச் சொல்கிறார். மறுக்கப் பயமாக இருக்கிறது.
(வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: நடத்துகிறவர்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபிரெயர் 13:17 சொல்வது உண்மையே. ஆனால் 1 இராஜாக்கள் 13-ஆம் அதிகாரத்தையும் ஒருமுறை முழுதாக வாசியுங்கள். பெத்தேலில் அப்பம் புசிக்கவும் தண்ணீர் குடிக்கவும் கூடாது என்ற கட்டளையோடு யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனை, ஒரு முதிய தீர்க்கதரிசி பின்தொடர்ந்து போய்க் கண்டு, நானும் உம்மைப்போலத் தீர்க்கதரிசிதான், தேவதூதன் என்னோடே பேசினான் என்று பொய் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். நம்பிப் போய்ப் புசித்தவர், திரும்பும் வழியில் சிங்கத்தால் கொல்லப்படுகிறார். ஊழியக்காரர் ஒருவரின் பேச்சைக் கேட்டதே அங்கே கீழ்ப்படியாமையாக முடிந்தது. அப்போஸ்தலனாகிய பவுல் சொன்னதையே தினந்தோறும் வேதவாக்கியங்களில் ஆராய்ந்து பார்த்த பெரோயா பட்டணத்தாரை, அப்போஸ்தலர் 17 நற்குணசாலிகள் என்று புகழ்கிறது. அடங்காதவர்கள் என்று கடிந்துகொள்ளவில்லை. உங்கள் ஊழியர் பவுலை விடப் பெரியவர் அல்லவே.

வாழப்போகிறவர் உங்கள் மகன். உங்கள் கடிதத்தில் அவருடைய விருப்பத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்று இரவே அவரை அருகில் உட்காரவைத்து அவர் மனதைக் கேளுங்கள். ஊழியருக்கு என்ன பதில் சொல்வது என்பதை இருவரும் சேர்ந்து ஜெபித்து முடிவு செய்யுங்கள்.