சென்னைக்குள் மொட்டை மாடியில் நாட்டுக்கோழி வளர்க்க முடியுமா? புதியவர் என்ன தீவனம் கொடுக்கலாம்?

முடியும். கொருக்குப்பேட்டையில் ரயில் சத்தத்துக்கு நடுவே எங்கள் மாடியில் சிறுவிடை என்னும் சிறிய நாட்டுக்கோழிகள் வளர்கின்றன. முட்டை வைக்கின்றன, அடைகாக்கின்றன, குஞ்சு பொரிக்கின்றன.

நீங்கள் வேலைக்குப் போகிறவர், கையளவு இடம்தான் இருக்கிறது, வீட்டில் பாதிப் பேருக்குச் சம்மதமில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். பண்ணை வைத்து லாபம் பார்க்க நினைப்பவர்களுக்கு இது உதவாது. நான் கால்நடை மருத்துவரும் அல்ல. "இதைச் சொல்ல நீ யார்" என்று கேட்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

என் நாத்தனார் கணவருக்குச் செஞ்சிப் பக்கம். "கோழிக்குப் போய் யாராவது தீவனம் வாங்கிப் போடுவார்களா அம்மா?" என்று அவர் கேட்டுச் சிரிக்காத பொங்கல் கிடையாது. அவர் ஊரில் காலையில் கூடையைத் திறந்துவிட்டால் குப்பைமேட்டுப் புழு, கரையான், களத்தில் சிந்திய நெல், வரப்புப் புல் எல்லாம் தின்றுவிட்டு அந்தி சாயத் திரும்பி வரும். அங்கே தீவனச் செலவை மண் ஏற்றுக்கொள்கிறது. மாடியில் இருப்பது சிமெண்டுத் தரை. மண் கொடுத்ததை எல்லாம் நாம்தான் படியேற்றிக் கொண்டுபோக வேண்டும். "நாட்டுக்கோழி எதைப் போட்டாலும் வளரும்" என்ற பேச்சை நம்பி ரேஷன் அரிசியை மட்டும் வீசினால், கோழி சாகாது, தேறவும் தேறாது.

முதல் எட்டு வாரம் பேரம் பேசாதீர்கள். சுமார் 20 சதவீதம் புரதமுள்ள குஞ்சுத் தீவனம் கடையில் கிடைக்கிறது, அதையே போடுங்கள். தரையில் உமி பரப்புங்கள்; வெறும் செய்தித்தாள் விரித்தால் வழுக்கிக் குஞ்சின் கால்கள் அகன்றுவிடும். முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரம் மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். எல்.இ.டி. விளக்கில் சூடு வராது, பழைய குண்டு பல்பைத் தேடிப் பிடியுங்கள். சித்திரை வெயிலில் பகலில் அதுவும் தேவையில்லை. குஞ்சுகள் பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர்; ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம்.

வளர்ந்த பிறகு குருணை, கம்பு, உடைத்த மக்காச்சோளம், தவிடு, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு. செங்குன்றம் அரிசி ஆலைப் பக்கம் போய்வருபவர் யாராவது தெரிந்தால் குருணையும் தவிடும் மலிவாக வரும். ஐப்பசி, கார்த்திகையில் மூட்டையாக வாங்காதீர்கள். சோளத்திலும் புண்ணாக்கிலும் பூஞ்சை பிடித்தால் அது விஷம். காயவைத்துப் போட்டாலும் விஷம்தான்.

புழுவுக்குப் பதிலாக எதைப் போடுவது என்பதில்தான் வடசென்னைக்காரர்களுக்குக் கொடுப்பினை இருக்கிறது. காசிமேட்டில் சென்னாக்குன்னி என்னும் காய்ந்த பொடி இறால் விற்கும் அம்மாக்களிடம், சலித்த பிறகு அடியில் தங்கும் தூளைக் கேளுங்கள். விரலில் எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். கரிக்கவில்லை என்றால் வாங்குங்கள். தீவனத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், முட்டையில் கவிச்சை அடிக்கும். எங்கள் தெருவில் ஒருவர் சும்மா கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டுத் தலைகளை இடித்துப் போட்டார். குஞ்சுகள் தண்ணீரை விட்டு நகரவில்லை, நீராகவே கழிந்தன, கால் ஊன்ற முடியாமல் சரிந்தன. அவர் பழியைத் தண்ணீர் லாரிமேல் போட்டார்.

முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவையான அளவு அதுவே கொத்திக்கொள்ளும். கோழிக்குப் பல் இல்லை; பொடிக்கல் விழுங்கித்தான் தானியத்தை அரைக்கிறது, அதனால் ஒரு கை பொடிக்கல்லும் வேண்டும். மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்த ஒரு தொட்டி இருந்தால் புரண்டு புரண்டு செள்ளுப் பூச்சியை உதறிக்கொள்ளும்.

கடக்நாத் ஆசை எல்லோருக்கும் வருகிறது. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாக் கோழி, 2018-இல் புவிசார் குறியீடு வாங்கியது. நல்ல இனம்தான், ஆனால் பெரும்பாலும் அடையில் உட்காராது. சண்டைக்குப் பேர்போன பெருவிடைச் சேவல் இரண்டை ஒரே மாடியில் விட்டால் இரத்தம் பார்க்காமல் ஓயாது. புதியவருக்குச் சிறுவிடை போதும்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடவே கூடாது. வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் கூண்டே காலி. ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் ஊசி. மற்றதை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள், 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான குஞ்சுகளுக்கு மருந்து இருக்கும், கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஐந்து குஞ்சுக்கு அதைப் பிரித்து மிச்சத்தைக் கொட்ட எனக்கு மனம் வரவில்லை. தெருவில் கோழி வைத்திருப்பவர்களை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் மாடிக்கு வரச் சொன்னேன். பனிக்கட்டி போட்ட தெர்மாஸில் குப்பி. கட்டைவிரலால் இமையை விலக்கி ஒரு சொட்டு, குஞ்சு கண்ணைச் சிமிட்டி மருந்து உள்ளே இறங்கும்வரை விடக் கூடாது. சாயம் பூசிய கலர் குஞ்சு இரண்டைப் பேரனுக்காகத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுப் பெரியவரும் வந்தார். போட்டு அனுப்பினேன். அடுத்த வாரமே, விடியற்காலையில் என் சேவல் கூவுவதால் தூக்கம் கெடுகிறது என்று வீட்டுக்காரரிடம் புகார் சொன்னவரும் அவர்தான்.

ஆடி மாதம் கூழ் வார்க்கிறார்கள் என்று அவர் வீட்டு வாசல் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி நான்கரை மணிக்கே அலறத் தொடங்கும். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கேட்டால் "சாமி காரியம்" என்பார். சாமியை நான் குறை சொல்லவில்லை, கூழும் குடித்தேன். அம்மனுக்குக் காது கேட்காது என்று யார் இவர்களிடம் சொன்னது? நன்கொடை கொடுக்கும்போது மட்டும் நம் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள்.

சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும், அந்த முட்டை குஞ்சு பொரிக்காது, அவ்வளவுதான். வாடகை வீடென்றால் முதல் வருடம் பெட்டைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நானும் வாடகை வீடுதான். என் சேவலைக் கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.