கல் சிக்கியிருக்கிறதா என்று ஸ்கேனிலேயே தெரியுமா?

கேள்வி: வயது 42. இடது சிறுநீர்க்குழாயின் மேல்பகுதியில் 9 மி.மீ. கல். ஒன்பது வாரம் கழித்து எடுத்த சிடி ஸ்கேனிலும் அதே எல்3 (இடுப்புப் பகுதியின் மூன்றாவது முதுகெலும்பு) மட்டத்தில்தான் இருக்கிறது. வலி நின்றுவிட்டது. ஆனால் டாக்டர், "கல் சுவரோடு சிக்கியிருக்கலாம், ஒரே தடவையில் எடுக்க முடியாமல் போகலாம்" என்கிறார். முன்கூட்டியே இதைச் சொல்லிவிட முடியுமா?

பதில்: ஓரளவு நன்றாகவே கணிக்கலாம். உறுதியாகத் தெரிவது, அறுவை அரங்கில் கைடு வயர் (கருவிக்கு வழிகாட்ட முதலில் செலுத்தும் மெல்லிய கம்பி) கல்லைத் தாண்டிப் போகிறதா என்று பார்க்கும்போதுதான்.

வலி நின்றதை வைத்துக் கல் இறங்கிவிட்டதாக நினைக்க வேண்டாம். அடைப்பு நீடித்தால் சிறுநீரகம் சிறுநீர் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். உள்ளழுத்தமும் வலியும் தணியும்; சேதம் மட்டும் சத்தமில்லாமல் தொடரும். இரண்டு மாதமாக ஒரே இடத்தில் நிற்பதே சிக்கிய கல்லுக்கான பழைய அடையாளம். உங்கள் கல் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டது.

அடுத்துப் பார்க்க வேண்டியது குழாய்ச் சுவரின் தடிமன். ரிப்போர்ட்டில் கல்லின் அளவும் எச்.யூ. அடர்த்தியும் (சிடி ஸ்கேன் காட்டும் அடர்த்தி எண்) இருக்கும், சுவரைப் பற்றி பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. கல் ஓரிடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தால் சுவர் வீங்கி, உள்தோல் தடித்து, கல்லைச் சுற்றி வளையம்போல் கவ்விக்கொள்ளும். குறுக்குவெட்டுப் படத்தில், கல் மிக அகலமாகத் தெரியும் மட்டத்தில், மென்திசு விண்டோவில் (மென்மையான திசு தெளிவாகத் தெரியும் திரை அமைப்பில்) பெரிதாக்கி, சுவர் மிகத் தடித்த இடத்தில் அளக்க வேண்டும். பல ஆய்வுகளில் எல்லைக்கோடு 3.5 மி.மீ.-க்கு அருகில் விழுகிறது. அதற்கு மேல் போனால் சிக்கியிருக்கும் வாய்ப்பு அதிகம். ஷாக்வேவ் சிகிச்சையில் (வெளியிலிருந்து அதிர்வலை செலுத்திக் கல்லை உடைப்பது) கல் முழுதாக வெளியேறும் வாய்ப்போ குறைவு. தானாக இறங்குமா என்று பார்த்த ஆய்வுகளில் எல்லை இன்னும் கீழே, 2 முதல் 3 மி.மீ.

இந்த அளவீடு எளிதில் பிசகும். 5 மி.மீ. கனத் துண்டுப் படங்களாக (ஸ்லைஸ்) எடுத்த ஸ்கேனில் 3 மி.மீ. சுவரை நம்பி அளக்க முடியாது. 1 முதல் 2 மி.மீ. ஸ்லைஸ் வேண்டும். மென்திசு விண்டோவில் கல்லும் சற்று ஊதித் தெரிவதால், கல்லின் அளவை மட்டும் எலும்பு விண்டோவில் எடுப்பது நல்லது. ஏற்கெனவே டிஜே ஸ்டென்ட் (சிறுநீர் வடிய உள்ளே வைக்கும் மெல்லிய குழல்) இருந்தால் அதுவே சுவரைத் தடிக்க வைத்திருக்கும். ஆகவே ஃபிலிமை மட்டும் வாங்காமல் ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகட்டையும் கேட்டு வாங்கி, "கல் இருக்கும் இடத்தில் சுவர் தடிமன் எவ்வளவு?" என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். கல்லுக்கு மேலே குழாய் எவ்வளவு விரிந்திருக்கிறது, சிறுநீரக வீக்கம் எந்த நிலை என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஒற்றை எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

முன்பே தெரிந்தால் திட்டம் மாறும். சிக்கிய கல்லைச் சுற்றி திரவ இடைவெளி இல்லாததால், ஷாக்வேவில் உடைந்த துண்டுகளும் அங்கேயே நெருக்கிக் கிடக்கும். அதனால் யூரிட்டரோஸ்கோப்பி (சிறுநீர்ப் பாதை வழியே மெல்லிய குழாய்க் கேமராவைச் செலுத்துவது), லேசர் என்று நேராகப் போவார்கள். வழுக்கும் வயரும் தாண்டவில்லை என்றால் முட்டித் தள்ளக் கூடாது, சுவர் துளைபடும். கல்லைக் கொஞ்சம் உடைத்து வழி செய்தோ, ஸ்டென்ட் வைத்து வீக்கம் வடிந்தபின் சில வாரத்தில் திரும்ப வந்தோ எடுப்பார்கள். சில சமயம் முதுகு வழியே மேலிருந்து எடுப்பதே பாதுகாப்பு. டாக்டர் சொன்ன "ஒரே தடவையில் முடியாமல் போகலாம்" இதுதான்.

இடையில் குளிர்க்காய்ச்சல் வந்தாலோ சிறுநீர் நின்றாலோ அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அப்போது முதல் வேலை அடைப்பை வடிப்பது. கல்லைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

சிக்கிய கல்லை எடுத்த இடத்தில் தழும்பு சுருங்கி, வலியே இல்லாமல் மறுபடி அடைப்பு வரலாம். ஸ்டென்ட் எடுத்து 4 முதல் 6 வாரத்தில் ஒரு அல்ட்ராசவுண்டும், சில மாதம் கழித்து இன்னொன்றும் எடுத்துக்கொள்ளுங்கள்.