சுவர் கேட்ட அம்மா

அன்புள்ள ஐயா,

ஹட்டனுக்கு அருகே 7 பேர்ச்சஸ் காணியில் 550 சதுர அடி வீடு எங்களுடையது. சமையலறையில் இருவர் நின்றால் மூன்றாமவர் வெளியேதான். ஹாலுக்கும் அதற்கும் நடுவிலுள்ள சுவரை உடைத்துத் திறந்த சமையலறையாக்கி, பெரிய அலமாரி அடிக்கலாம் என்கிறார் கணவர். மாமியின் விறகடுப்பைப் பின்பக்கத் தகரக் கொட்டிலுக்கு மாற்றலாம். மாமி ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

– ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

அலமாரியைக் கூரைவரை உயர்த்துங்கள், ஆழம் ஓரடி போதும். ஆழமான தட்டில் பின்னால் போன போத்தல் அடுத்த தீபாவளிக்குத்தான் வெளியே வரும். கதவில் காற்றுத் துவாரம் வையுங்கள். நம் மழைக்கு அடைத்துவைத்த எதுவும் பூசணம் பிடிக்கும். அவ்வளவுதான்.

உங்கள் கணவர் புதிதாகக் கண்டுபிடித்திருக்கும் திறந்த சமையலறையில்தான் நான் பிறந்தேன். தேயிலைத் தோட்டத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா, ஒரே அறை. முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வரிசை வீடு, அதாவது லயம் என்பதால் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளான ஈர மிலாறு எரியும் புகை எங்களோடு படுத்து எழுந்துதான் வெளியே போகும். அம்மா ஒரு பழைய சேலையைக் கொடியில் போட்டு நடுவே தொங்கவிட்டாள். அதன் கீழ்க்கரை தீப்பொறி பட்டுப் பொத்தல் பொத்தலாக இருக்கும். விடிகாலையில் அவள் ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும்போது, பாயில் படுத்தபடியே அந்தப் பொத்தல்களில் தெரியும் சிவப்பை எண்ணிக்கொண்டிருப்பேன். தேர்தலுக்குத் தேர்தல் வந்து என்ன வேண்டும் என்று கேட்டவர்களிடமெல்லாம் அவள் கேட்டது ஒரு சுவர். அது அவளுக்குக் கிடைக்கவேயில்லை.

அந்தச் சுவரைத்தான் நீங்கள் உடைக்கப்போகிறீர்கள். மாமி ஒன்றும் சொல்லவில்லை என்கிறீர்களே, அவரிடம் யாராவது கேட்டீர்களா? ஆடிச் சாரலில், விடியும் முன்னே, அந்தத் தகரக் கொட்டிலில் குனிந்து ஊதப்போவது அவர்தானே? 2022இல் காஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்றபோது உங்கள் வீட்டில் உலை கொதித்தது எந்த அடுப்பில்? கொட்டில் அவ்வளவு வசதி என்றால் உங்கள் கணவர் ஒரு வாரம் அங்கே தேத்தண்ணி ஊற்றட்டும். திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். திட்டத்தான் செய்கிறேன்.

7 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு போக 1,350 மிஞ்சும். இடம் வெளியே கிடக்க, உள்ளே ஏன் இடிக்கிறீர்கள்? சமையலறையைப் பின்பக்கம் ஆறடி நீட்டி, கல்லும் சீமெந்தும் வைத்துக் கட்டி, புகைபோக்கியோடு அடுப்பை அங்கே வையுங்கள். அடுப்புக்கு மேலே ஒரு பரண் போடுங்கள். விறகு அங்கே காயும், கருவாடு கெடாது. எங்கள் வீட்டில் உப்புச் சிரட்டையும் அங்கேதான் தொங்கியது. எந்த மழையிலும் உப்பு கசிந்ததில்லை.

ஹாலுக்கு வெளிச்சம் வேண்டுமென்றால் சுவரில் ஒரு ஜன்னல் அளவு வெட்டலாம். கூரையின் பாரம் அதில் இறங்குகிறதா என்று முதலில் மேசன் பாஸிடம் கேளுங்கள். ஜன்னலுக்குக் கதவு போடுங்கள், தாழ்ப்பாள் சமையலறைப் பக்கம் இருக்கட்டும்.