உட்கார்ந்து எறிந்தால் பந்து வளையத்துக்கு எட்டவில்லை – பதில்

தம்பி, சக்கர நாற்காலிக் கூடைப்பந்தில் பந்து வளையத்துக்கு எட்டவில்லை, கை பலவீனமாகிவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். கை பலவீனமாகவில்லை. முந்தி நின்று எறிந்தபோது பந்தை உந்தியது உங்கள் கால்கள். முதுகுத்தண்டு அடிபட்ட பிறகு அந்த உந்தல் இல்லை. வளையமோ அதே 3.05 மீற்றரில்தான்.

என் சந்தேகம் நாற்காலி மேல். ஆஸ்பத்திரி நாற்காலியில் இடுப்பு வழுக்கும், பாதி விசை அங்கேயே போய்விடும். அகலமான பட்டியால் இடுப்பைக் கட்டி, இரண்டு மீற்றரிலிருந்து பத்துப் பந்து எறிந்து பாருங்கள். காலையில் எறியுங்கள்; திருகோணமலை உவர்மலையில் பின்னேரக் கடற்காற்று கணக்கைக் குழப்பும்.

அப்புறம், "என் புள்ளி குறைவு, அணியில் எடுப்பார்களா?" என்ற பயம் வேண்டாம். இது உடல் இயக்கத் திறனைப் பார்த்துத் தரும் புள்ளி: வீரருக்கு 1.0 முதல் 4.5 வரை, இயக்கம் குறைந்தால் புள்ளியும் குறைவு. களத்தில் ஐவருக்கும் சேர்த்து 14ஐத் தாண்டக்கூடாது. குறைந்த புள்ளிக்காரர் இல்லாமல் அணியே அமையாது.

ஒன்று: உணர்வில்லாத இடத்தில் பட்டி உரசினால் தெரியாது. கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவப்பு மறையாவிட்டால் பயிற்சியை நிறுத்தி வைத்தியரிடம் காட்டுங்கள்.