ஐந்தாம் மாத ஸ்கேன்: டாக்டர் பேசவில்லை என்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: என் மனைவிக்கு இப்போது 19 வாரம். அடுத்த வாரம் அனாமலி ஸ்கேன் (குழந்தையின் உறுப்புகளில் குறை உண்டா என்று பார்ப்பது) எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். போன ஸ்கேனுக்கு என்னை உள்ளே விடவில்லை. டாக்டர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாராம், பாதியில் எழுந்து நடந்துவிட்டு வரச் சொன்னாராம். அன்று இரவு முழுக்க இவள் தூங்கவில்லை. இந்த முறை நான் லீவு போட்டுவிட்டுப் போவதில் பயன் உண்டா? வயிறு முட்டத் தண்ணீர் குடிக்க வேண்டுமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: லீவு போடுங்கள். அரை நாள் போதாது, முழு நாளாகவே போடுங்கள். குழந்தை முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தால் இதயமும் முகமும் தெரியாது. அதனால்தான் நடந்துவிட்டு வரச் சொல்கிறோம். சில நாள் இரண்டு தடவை, மூன்று தடவைகூட நடக்க வேண்டியிருக்கும். அதற்கும் குழந்தையின் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை.

பேசாததும் அப்படித்தான். 20 வாரக் குழந்தை சுமார் 300 கிராம். அதன் இதயத்தில் நான்கு அறைகள், பெரிய ரத்தக் குழாய்கள், மூளை, முதுகுத்தண்டு, சிறுநீரகம், கை கால் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து அளந்து படம் பிடிக்க வேண்டும். தையல் கடையில் அளவெடுப்பவரிடம் பேச்சுக் கொடுத்தால் என்ன ஆகும்? நானும் அந்த அரைமணி நேரம் வாயைத் திறப்பதில்லை. ஆனால் ‘கொஞ்ச நேரம் பேசமாட்டேன், முடித்துவிட்டுச் சொல்கிறேன்’ என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்கள் மனைவி தூங்கியிருப்பார். அது எங்கள் பக்கத்துக் குறைதான்.

கணவர் உள்ளே வரக்கூடாது என்று, கருவிலேயே பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லவில்லை. குழந்தையின் பாலினத்தைக் கேட்பதும் சொல்வதும் சைகை காட்டுவதும்தான் குற்றம். பாலினம் அறிய விருப்பமில்லை என்று உங்கள் மனைவி ஒரு படிவத்தில் கையெழுத்திட வேண்டும். உங்களை உள்ளே விடுவதும் விடாததும் அந்தந்த சென்டரின் வழக்கம். அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். முழு நேரமும் முடியாவிட்டாலும் கடைசி ஐந்து நிமிடம் கூப்பிட்டுக் காட்டுவார்கள். போனை வெளியே வைத்துவிட்டுப் போங்கள்.

தண்ணீர் விஷயம்: ஆரம்ப வாரங்களில் கருவியை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும்போது சிறுநீர்ப்பை நிரம்பியிருக்க வேண்டும். ஐந்தாம் மாதத்தில் அந்த அவதி தேவையில்லை. வெறும் வயிற்றோடும் போக வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போங்கள்.

உங்களுக்கு உள்ளே ஒரு வேலை இருக்கிறது. படுத்திருப்பவர் பாதிப் பேச்சைத்தான் கேட்பார், மீதியைப் பதற்றம் தின்றுவிடும். சொல்வதை நீங்கள் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டில் யாருக்காவது பிறவி இதயக் கோளாறு உண்டா, நீங்கள் சொந்தத்தில் திருமணம் செய்தவர்களா, மனைவிக்குச் சர்க்கரை உண்டா என்பதை ஸ்கேன் தொடங்குமுன் சொல்லுங்கள். தேவைப்பட்டால் குழந்தையின் இதயத்துக்கு மட்டும் தனியாக எக்கோ என்ற ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் வீட்டில் கலவரம் கிளப்பும் வரிகள் சில உண்டு. ‘நஞ்சு (நஞ்சுக்கொடி) கீழே இருக்கிறது’ என்பது முதலாவது. கருப்பை வளர வளரப் பெரும்பாலானவர்களுக்கு அது மேலே ஏறிவிடும், 32 வார வாக்கில் மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் ரத்தம் பட்டால் மட்டும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குழந்தை தலைகீழாகத் திரும்பவில்லை என்பதற்கு இந்த மாதத்தில் அர்த்தமே இல்லை. இதயத்தில் வெள்ளைப் புள்ளி என்றால் இதயக் கோளாறு அல்ல. முந்தைய பரிசோதனைகள் சரியாக இருந்து, வேறு எதுவும் தென்படாவிட்டால் அதை விட்டுவிடலாம். கருப்பை வாயின் நீளம் 25 மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் மட்டும் அன்றே மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள்.

எல்லாம் சரி என்று எழுதியிருந்தாலும், பார்க்க முடிந்ததில் குறை இல்லை என்பதே பொருள். இதயத்தில் மிகச் சிறிய ஓட்டை தப்பலாம். காது கேட்குமா என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

ஆடி கழியட்டும், நல்ல நாள் வரட்டும் என்று மட்டும் ஸ்கேனைத் தள்ளாதீர்கள். ஏதாவது தெரிந்தால் இன்னொரு மருத்துவரின் கருத்துக்கும் மேல் பரிசோதனைக்கும் நாள் வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் விதிகள் 20 வாரத்துக்குப் பிறகு இறுகுகின்றன, 24 வாரம் தாண்டினால் மருத்துவக் குழுவிடம் போக வேண்டும்.

பழைய ரிப்போர்ட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள், முக்கியமாக முதல் ஸ்கேன். மூன்று ரிப்போர்ட்டில் மூன்று பிரசவத் தேதி இருக்கும், குழம்ப வேண்டாம். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்து உங்கள் மருத்துவர் குறித்த தேதிதான் கணக்கு. பிந்தைய ஸ்கேன்களில் தேதி மாறினால் குழந்தை கொஞ்சம் பெரிதாகவோ சிறிதாகவோ இருக்கிறது என்று பொருள், பிரசவ நாள் நகரவில்லை.